உஷார்! வாட்ஸ்அப் ஃபைலின் பெயரை மாற்றுகிறீர்களா?

போடியிலும் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கிறது. பில், எடைச் சீட்டு, காய்ப் படம், பட்டா என்று எல்லாமே இப்போது வாட்ஸ்அப்பில்தான் வந்து குவிகின்றன. தேடுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஃபைல் மேனேஜர் ஆப்பைத் திறந்து, 'ரீநேம்' அழுத்தி, 'மேட்டுத் தோட்டம்' என்று பெயர் வைக்கிறோம்.

தயவுசெய்து நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் பெயர் 'ஐஎம்ஜி-20250214-டபிள்யூஏ0007' என்பது போல இருக்கும். நடுவிலுள்ள எட்டு இலக்கம் தேதி: 2025 பிப்ரவரி 14. படம் எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்களை வாட்ஸ்அப் அனுப்பும்போதே நீக்கிவிடுகிறது. வேறு போனுக்கு நகல் எடுத்தால், ஃபைலின் தேதியும் நகலெடுத்த நாளாக மாறிவிடலாம். அப்புறம் மிஞ்சுவது அந்தப் பெயர்தான். அதையும் அழித்துவிட்டு, நாளை எடையிலோ தரத்திலோ தகராறு வந்தால் எதைக் காட்டுவீர்கள்? 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட சரக்கு இது. 50 கிலோவுக்கே மூன்றரை லட்சம்!

இன்னொரு ஆபத்தும் உண்டு. வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் பெயரை மாற்றினால், சாட்டில் அந்தப் படத்தைத் தொடும்போது ஃபைலைக் காணோம் என்று வரும். நாளாகியிருந்தால் சர்வரிலிருந்தும் மறுபடி இறங்காது. அனுப்பியவரிடம்தான் போய் நிற்கவேண்டும். அவர்தான் எதிர்த்தரப்பு என்றால்? அதனால் அசலைத் தொடாதீர்கள். வேறு ஃபோல்டரில் நகல் எடுத்து, தேதியை அப்படியே விட்டு, அதன் பின்னால் உங்கள் பெயரைச் சேருங்கள்.

புள்ளிக்குப் பிறகு வரும் 'பிடிஎஃப்', 'ஜேபிஜி' வாலையும் வெட்டாதீர்கள், ஃபைல் திறக்காது. பெயரின் முதல் எழுத்தாகப் புள்ளி வைத்தால் ஃபைல் மறைந்தே போகும். இரண்டுக்கும் பழைய பெயரை வைத்தாலே போதும், 'ரிப்பேர்' ஆப் எதையும் இறக்கவேண்டாம். ஆனால் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும்போது இ-வே பில் திறக்கவில்லை என்றால் டிரைவர் என்ன செய்வார்? பில் எண்ணைத் தனியே எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

எல்லாவற்றையும்விடப் பயமாக இருப்பது, மோசடிக்காரர்கள் வைத்து அனுப்பும் பெயர். 'பிஎம் கிசான்', 'ஆர்டிஓ சலான்', 'கல்யாணப் பத்திரிகை' என்று ஃபைல் வரும். வால் மட்டும் 'ஏபிகே'. அது காகிதமே இல்லை, ஆப். நிறுவி, கேட்கும் அனுமதியெல்லாம் கொடுத்தால் ஓடிபி எஸ்எம்எஸ்களைப் படித்து வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும். பத்திரிகை என்ற பெயரில் வரும் இந்த மோசடி பற்றி 2024 நவம்பரில் இமாச்சலப் பிரதேசப் போலீஸ் எச்சரித்தது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் திறக்காதீர்கள். அவர் போனே சிக்கியிருக்கலாம். திறந்துவிட்டீர்களா? உடனே டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். மலையில் சிக்னல் இல்லையென்றால் கிடைக்கிற இடத்துக்கு இறங்கி வாருங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.