கையை எடுத்தால் சிம்முக்குப் போகும் அடுப்பு: பைக்கின் த்ராட்டில் லாக் எப்படி இயங்குகிறது?

சொதி வைக்கும்போது முதல் பாலை ஊற்றிவிட்டால் அதற்கு மேல் தீயை ஏற்றக் கூடாது. கொதித்தால் தேங்காய்ப்பால் திரிந்துபோகும். அடுப்பைச் சிம்முக்குத் திருப்பிவிட்டு இஞ்சிப் பச்சடி வேலையைப் பார்க்கப் போகிறோம். திருப்பிய இடத்திலேயே திருகு நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் போகிறோம்.

அதை நிறுத்தி வைப்பது உராய்வு. கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறவர் திருகைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். உள்ளே கூம்பு வடிவத்தில் ஒரு பித்தளைத் துண்டு, அதற்கு அளவான குழிக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தத் துண்டில் ஒரு துளை. திருகைத் திருப்பத் திருப்ப கேஸ் வரும் வழி பெரிதாகும், சிறிதாகும். கூம்பைக் குழிக்குள் அழுத்தி வைக்க ஒரு சின்ன ஸ்பிரிங், நடுவே மெல்லிய கிரீஸ் படலம். அழுத்தமும் கிரீஸும் சரியாக இருக்கும்வரை திருகு நம் விரலுக்கு வழிவிடும், தானாக நகராது. கிரீஸ் காய்ந்தால் திருப்ப வராது. கூம்பு தேய்ந்தால் லொடலொடவென்று ஆடும்.

இந்தத் திருகோடு இன்னொரு ஸ்பிரிங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கையை எடுத்த மறுகணம் திருகைச் சிம்முக்கு இழுத்துவிடும் ஸ்பிரிங். அப்படி ஒரு அடுப்பில் சமைத்தால், சோறு வேகும்வரை ஒரு கை திருகிலேயே இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் ஆக்ஸிலேட்டர் அப்படிப்பட்ட திருகுதான்.

கிரிப்பை முறுக்கினால் அதன் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழல் சுழலும். அதில் மாட்டியிருக்கும் ஆக்ஸிலேட்டர் வயர் இழுபடும். வயரின் மறுமுனை பழைய வண்டிகளில் கார்புரேட்டரில் இருக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்ற வண்டிகளில் பெரும்பாலும் த்ராட்டில் பாடியில் இருக்கும். அங்கே காற்று போகும் வழி திறக்கிறது. காற்று கூடினால் அதற்கேற்ப பெட்ரோலும் கூடுகிறது. அந்த வழியைத் திரும்ப மூடுவதற்குத்தான் ஸ்பிரிங்.

ஓட்டுகிறவர் விழுந்தாலும், மயங்கினாலும், கை நழுவினாலும் எஞ்சின் தானே அடங்க வேண்டும். அதற்காக வைத்த காவல் அது. பழைய ஹார்லி-டேவிட்சன் வண்டிகளில் இது கிடையாது. முறுக்கிய இடத்திலேயே கிரிப் நிற்கும், சரியாக அடுப்புத் திருகு மாதிரி. கையை எடுத்தால் ஆக்ஸிலேட்டர் தானாக மூட வேண்டும் என்று 1970-களில் அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி 123 கட்டாயமாக்கிய பிறகு அந்தப் பழக்கம் ஒழிந்தது. முறுக்கிய இடத்திலேயே கிரிப்பை நிறுத்தி வைக்கும் த்ராட்டில் லாக்கை மாட்டுகிறவர், அந்தக் காவலைக் கொஞ்ச நேரத்துக்குத் தன் கையாலேயே விலக்கி வைக்கிறார். எந்த லாக் நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால் இது மனதில் இருக்க வேண்டும்.

சரி, பிறகு ஏன் வாங்குகிறார்கள்? கை மரத்துப்போவதால். ஆதிச்சநல்லூரிலிருந்து ஸ்ரீவைகுண்டம் பாலத்தைத் தாண்டி வடக்கே போய், நெல்லை–தூத்துக்குடி நாலுவழிச்சாலையைப் பிடித்து, துறைமுகத்துக்கோ ஸ்பிக் உர ஆலைப் பக்கமோ அனல்மின் நிலையத்துக்கோ தினம் வேலைக்குப் போய் வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதி வழியிலேயே கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் குறுகுறுக்கும் என்பார்கள். மணிக்கட்டின் குறுகலான பாதை வழியாக ஒரு நரம்பு அந்த விரல்களுக்குப் போகிறது. மணிக்கட்டை மடித்தபடி கிரிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் அது நசுங்குகிறது. எஞ்சின் அதிர்வும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பழைய புல்லட் ஓட்டுகிறவர்களுக்கு இது அத்துப்படி. 2020-ல் மீட்டியார் 350 வந்தபோது ராயல் என்ஃபீல்டு எஞ்சினுக்குள் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸர் தண்டு ஒன்றை வைத்தது. அந்த வண்டியை ஓட்டுகிறவர்களின் கைக்கு அதனால் நிம்மதி.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கை மரப்பதற்கு முதல் மருந்து லாக் அல்ல. பிடியைத் தளர்த்துவது, மணிக்கட்டு நேராக இருக்கும்படி பிரேக் லீவரின் கோணத்தைச் சரிசெய்வது, ஆக்ஸிலேட்டர் வயருக்கு எண்ணெய் விடுவது, இந்த மூன்றையும் முதலில் செய்யுங்கள். துருப்பிடித்த வயரை இழுக்கத்தான் பலர் தேவையில்லாமல் பலத்தைச் செலவழிக்கிறார்கள். ராத்திரி தூங்கும்போதும் விரல் மரத்தால் டாக்டரிடம் போங்கள், மெக்கானிக்கிடம் அல்ல.

அதற்குப் பிறகும் தேவைப்பட்டால், கிடைப்பவை மூன்று வகை.

மிக எளியது, கிரிப்பில் மாட்டும் பிளாஸ்டிக் தட்டு. உள்ளங்கை அதன் மேல் சாய்ந்தாலே ஆக்ஸிலேட்டர் திறந்திருக்கும், விரல்களை மடக்கிப் பிடிக்க வேண்டாம். சில நூறு ரூபாய்தான். இது பூட்டே இல்லை. கையை எடுத்தால் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்துவிடும். அதனாலேயே எனக்கு இதன் மேல் மதிப்பு அதிகம். குறை ஒன்றுண்டு. அவசரமாக பிரேக் பிடிக்கும்போது உள்ளங்கை தட்டின் மேல் அழுந்தினால் வண்டி சீறும். தட்டு மாட்டிய கோணம் சரியாக இருக்கிறதா என்று மெதுவான வேகத்தில் பிரேக் பிடித்துப் பார்த்தே பழக வேண்டும்.

இரண்டாவது வகைதான் உண்மையான த்ராட்டில் லாக். அடுப்புத் திருகின் கூம்பும் கிரீஸும் செய்வதை இது வெளியிலிருந்து செய்கிறது. தென்னாப்பிரிக்காவின் காவோகோவில் ஹேண்டில்பார் முனையில் உள்ள எடைக்குப் பதிலாக ஒரு நட் இருக்கும். அதைத் திருகினால் அது கிரிப்பின் முனையை அழுத்தி இறுக்கும். அமெரிக்காவின் அட்லஸ் வேறு மாதிரி. கிரிப்புக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நடுவிலுள்ள சந்தில் மெல்லிய வளையமாக உட்காரும். ஒரு பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கினால் அதிலுள்ள பட்டை சுவிட்ச் பெட்டியோடு உரசிப் பிடித்துக்கொள்ளும், இன்னொன்றை அமுக்கினால் விட்டுவிடும். கிரிப்பைச் சுற்றிக் கவ்வி, பிரேக் லீவரின் மேல் நாக்கை நீட்டி நிற்கும் மலிவான கிளிப்புகளும் உண்டு. அவற்றில் அளவு சேராமல் வழுக்குபவை நிறைய.

இதில் சூட்சுமம் எல்லாம் உராய்வின் அளவில் இருக்கிறது. லாக்கின் பிடி, மூடும் ஸ்பிரிங்கின் இழுப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். நம் கையின் பலத்தைவிட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்கைவிடக் குறைந்தால் வண்டி மெல்ல மெல்ல வேகம் இழக்கும். கையைவிடக் கூடினால், லாரி ஒன்று திடீரென்று முன்னால் திரும்பும்போது பொத்தானைத் தேட வேண்டியிருக்கும். 70 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 19 மீட்டருக்கு மேல் போகிறது. லாக் இருக்கிறது என்பதே மறந்துபோன நிலையிலும், பழக்க தோஷத்தில் கிரிப்பை முன்னால் உருட்டினால் ஆக்ஸிலேட்டர் மூட வேண்டும். அப்படி மூடாத லாக் எத்தனை ஆயிரம் ரூபாய் விலையானாலும் வேண்டாம்.

மூன்றாவது வகை பெரும்பாலும் வண்டியோடுதான் வரும். அதன் பெயர் க்ரூஸ் கன்ட்ரோல். அதையும் லாக்கையும் ஒன்றென்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் நான் காணும் பெரிய குழப்பம். லாக் என்பது திருகை ஒரு இடத்தில் வைத்துவிட்டுப் போவது. தீ அப்படியே இருக்கும், பாத்திரத்தில் பொங்கினாலும் அடிப்பிடித்தாலும் அதற்குத் தெரியாது. க்ரூஸ் கன்ட்ரோல் என்பது ஆள் ஒருவர் அடுப்பருகிலேயே நின்று, கொதியைப் பார்த்துப் பார்த்துத் திருகை ஏற்றி இறக்குவது. லாக் முறுக்கலை மாறாமல் வைக்கிறது, க்ரூஸ் வேகத்தை மாறாமல் வைக்கிறது. இதை முதலில் கார்களுக்கு உருவாக்கியவர் ரால்ஃப் டீட்டர் என்ற பார்வையற்ற அமெரிக்கப் பொறியாளர். 1950-ல் காப்புரிமை பெற்றார், 1958-ல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. ஓசூர் டி.வி.எஸ். 2023 செப்டம்பரில் விட்ட அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310-ல் இது இருக்கிறது. அதில் ஆக்ஸிலேட்டர் வயரே கிடையாது. கை எவ்வளவு முறுக்கியது என்பதை சென்சார் படித்துச் சொல்ல, கம்ப்யூட்டர் மோட்டார் மூலம் காற்றுவழியைத் திறக்கிறது. பிரேக்கைத் தொட்டால் க்ரூஸ் தானே விலகிக்கொள்ளும். லாக் விலகாது. லாக்கைப் போட்டுவிட்டு பிரேக் பிடித்தால் எஞ்சின் தள்ளிக்கொண்டே இருக்கும், க்ளட்ச் பிடித்தால் அலறும்.

இந்த வித்தியாசம் நம் பக்கத்தில் பளிச்சென்று தெரியும். காரணம் காற்று. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வரும் காற்று கடற்கரை வரை வீசுகிறது. காலையில் தூத்துக்குடிக்குப் போகும்போது அது முதுகில், சாயங்காலம் திரும்பும்போது முகத்தில். வண்டி 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, காற்று 25 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். போகும்போது உடம்பில் மோதும் காற்றின் வேகம் 45, வரும்போது 95. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடும் என்பதால், திரும்பி வரும்போது எதிர்ப்பு நான்கு மடங்குக்கும் மேல். காலையில் வைத்த அதே முறுக்கலில் சாயங்காலம் வண்டி 70-ஐ எட்டவே எட்டாது. எதிர்காற்றைச் சமாளிக்க அதிகமாக முறுக்கி லாக் போட்டுவிட்டு, ஒரு பெரிய லாரியின் மறைவுக்குள் நுழைந்தாலோ, எதிர்ப்பு சட்டென்று குறைந்து வண்டி லாரியின் பின்பக்கத்தை நோக்கிப் பாயும். ஆடிக்காற்று வீசும் மாதங்களில் லாக்கைத் தொடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த ஊர்க்காற்றில் உப்பும் இருக்கிறது. ஆறுமுகநேரி, பழையகாயல், முள்ளக்காடு என்று உப்பளங்களை ஒட்டிப் போகிறவர்கள், உராயும் பரப்புகள் எந்த உலோகத்தில் ஆனவை என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண இரும்புத் திருகாணி சீக்கிரமே துருவேறி இறுகும். தேரிப் பக்கம் போகிறவர்களுக்குச் செம்மண் பொடி. அந்த மெல்லிய மணல் லாக்கின் உராயும் பரப்புகளுக்கு நடுவே போய்விட்டால் உராய்வு கணக்கெல்லாம் மாறிவிடும். நேற்று இலகுவாக உருண்ட கிரிப் இன்று சிக்கும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். அந்த இடத்தில் எண்ணெய் விடாதீர்கள், விட்டால் பிடிக்க வேண்டியது வழுக்கும்.

மாட்டிய பிறகு சாலைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டு வாசலில் ஒரு சோதனை. எஞ்சினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். லாக்கைத் தளர்த்திவிட்டு, முழுதாக முறுக்கிக் கையை விடுங்கள். கிரிப் சடக்கென்று திரும்ப வேண்டும், அந்தச் சத்தம் காதில் விழ வேண்டும். மெதுவாக ஊர்ந்து திரும்பினால் லாக் எங்கோ உரசுகிறது, கழற்றி மறுபடி மாட்டுங்கள். ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி இதையே செய்யுங்கள். பிறகு லாக்கைப் போட்டு, இரண்டு விரலால் மட்டும் கிரிப்பை மூடிப் பாருங்கள். மூட வேண்டும். பிரேக் லீவரை முழுதாகப் பிடித்தால் லாக்கின் எந்தப் பாகமும் அதைத் தடுக்கக் கூடாது. மெக்கானிக் மாட்டித் தந்தாலும் இதை நீங்களே செய்யுங்கள்.

யாருக்கு எது? நாலுவழிச்சாலையில் மதுரைக்கோ அதற்கு அப்பாலோ அடிக்கடி போகிறவர்களுக்கு, கையால் மீறக்கூடிய உராய்வு லாக் உதவும். அதுவும் கையை உதறிவிட்டுத் திரும்பக் கிரிப்பைப் பிடிக்கும் சில நொடிகளுக்குத்தான். வல்லநாட்டுப் பக்கம் அதுவும் வேண்டாம். மலையில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது, சாலையோரம் ஆடுமாடுகளும் உண்டு. மொபெட்டில் மீன் பெட்டி கட்டி ஊர் ஊராகப் போகிற வியாபாரிகளுக்கு உள்ளங்கைத் தட்டே போதும். பத்து வீட்டுக்கு ஒருமுறை நிறுத்துகிற வண்டிக்குப் பூட்டு எதற்கு?

நெல்லை–திருச்செந்தூர் சாலைக்கு எந்த லாக்கும் வேண்டாம். செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆதிச்சநல்லூர் என்று ஊருக்குள்ளேயே போகிற சாலை அது. ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 2023 ஆகஸ்டில் அகழாய்வுக் குழிகளையே காட்சிக்கு வைத்த அருங்காட்சியகம் திறந்த பிறகு, வெளியூர் வேன்கள் அங்கே திரும்புகின்றன, குழந்தைகள் இறங்கி ஓடுகிறார்கள். தைப்பூசத்துக்கும் மாசித் திருவிழாவுக்கும் பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக்காரர்கள் இதே சாலையில் விடிய விடிய நடக்கிறார்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்தப் பச்சை கிட்டே வந்த பிறகுதான் தெரியும். வண்டியில் லாக் மாட்டியிருந்தாலும் இந்தச் சாலையில் அதைப் போடாதீர்கள். வலது கையை ஆக்ஸிலேட்டரிலும் இரண்டு விரலை பிரேக்கிலும் வைத்தே ஓட்டுங்கள்.