கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

மாணவர்களே, நாளைக் காலை பள்ளிக்குள் நுழைந்ததும் திடலின் வேலிப் பக்கம் ஒரு நிமிடம் பாருங்கள். கம்பியின் மேலோ கோல் கம்பத்தின் உச்சியிலோ ஒரு பறவை தனியாக உட்கார்ந்திருக்கக்கூடும். மைனாவைவிடச் சற்றுச் சிறியது. முதுகு பழுப்பு, வயிறு வெளிறிய நிறம், கண்ணின் குறுக்கே முகமூடி கட்டியதுபோல் ஒரு கறுப்புப் பட்டை. அசையாமல் இருக்கும். திடீரென்று புல்லில் இறங்கி ஒரு வெட்டுக்கிளியைக் கவ்விக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும். புல் வெட்டிய மறுநாள் இதற்குக் கொண்டாட்டம்தான்.

இதன் பெயர் பழுப்புக் கீச்சான். வகுப்பில் ஆங்கிலத்தில் அறிவியல் நடத்தும் எனக்கு இந்தத் தமிழ்ப் பெயர் தெரிய வந்தபோது சிரிப்பு வந்தது. அதன் கரகரத்த குரலை ஒருமுறை கேட்டால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

கீச்சான் சிங்கப்பூர்ப் பறவை இல்லை. சைபீரியா, மங்கோலியா, வடசீனா போன்ற இடங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் தொடங்குமுன் தெற்கே வருகிறது. செப்டம்பர் வாக்கில் இங்கு வந்து, ஒரு திடலையோ பூங்காவின் ஒரு மூலையையோ தன் எல்லையாகப் பிடித்துக்கொண்டு, வேறு கீச்சான் வந்தால் விரட்டிவிட்டு, வடக்கே வசந்தம் தொடங்கும் காலத்தில் கிளம்பிவிடும்.

எங்கள் பள்ளித் திடலிலும் ஒன்று உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் உயர்நிலை இரண்டாம் வகுப்பு மாணவர்கள் சிலர் அதைக் கவனிக்கத் தொடங்கினார்கள். அது வந்த நாளை வகுப்பறைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதினார்கள். பெயர்கூட வைத்தார்கள் (அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், அது எங்கள் துணைத் தலைமையாசிரியரின் செல்லப்பெயர்). மே மாதம் தேர்வுகள் முடிந்து மூச்சுவிட்ட ஒரு நாளில், "டீச்சர், கீச்சான் எங்கே?" என்று ஒரு மாணவி கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. போய்விட்டது என்பது மட்டும் தெரிந்தது. எப்போது போனது? ஒருவர் மார்ச் என்றார், இன்னொருவர் ஏப்ரல் பாதி என்றார். நானும் பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

ஒரு பறவையை முதல் தடவை பார்க்கும்போது, இதுதான் முதல் தடவை என்பது அந்தக் கணத்திலேயே தெரிந்துவிடுகிறது. கடைசித் தடவை அப்படித் தெரிவதில்லை. பார்க்கும் நாளில் அது இன்னொரு சாதாரண நாள்தான். பல நாள் கழித்துத்தான் அது கடைசி என்று தெரியும். அதற்குள் தேதி மறந்துவிடும்.

இது ஏன் முக்கியம் என்கிறீர்களா? நம் ஊரில் வசந்தம் என்ற பருவம் கிடையாது. இலை உதிர்வதும் பனி உருகுவதும் நமக்குப் படங்களில் மட்டும்தான். ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இந்தத் தீவைச் சுற்றி நடக்கும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. ஆறு மாதம் நம்முடன் இருந்த ஆயிரக்கணக்கான பறவைகள் வடக்கே கிளம்புகின்றன. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பறவைகள் வந்து சேரும் நாள்தான் வசந்தத்தின் செய்தி. இங்கே அவை புறப்படும் நாள்தான் அந்தச் செய்தி.

புறப்பட வேண்டும் என்று அவற்றுக்கு எப்படித் தெரிகிறது? சற்று யோசியுங்கள். வடக்கே உள்ள பறவைகளுக்குப் பகல் நீளுவதும் குறைவதும் நல்ல அடையாளம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை மட்டுமே வடக்கே இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு 10 நிமிடம்கூட இல்லை. வெப்பநிலையும் பெரிதாக மாறுவதில்லை. சைபீரியாவில் பனி உருகுகிறதா என்று நம் திடலில் உட்கார்ந்திருக்கும் கீச்சானுக்கு யாரும் தகவல் அனுப்பப் போவதுமில்லை.

விடையின் ஒரு பகுதி அதன் உடலுக்குள்ளேயே இருக்கிறது. 1960களில் ஜெர்மனியில் எபர்ஹார்ட் குவின்னர் என்ற அறிவியலாளர், வலசை போகும் சிறிய கதிர்க்குருவிகளை ஓர் அறைக்குள் வைத்து வளர்த்தார். நாள்தோறும் சரியாக 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. வெப்பநிலையும் மாறாது. வெளியே கோடையா குளிரா என்று அறிய வழியே இல்லை. ஆனாலும் பறவைகள் உரிய காலத்தில் இறகு உதிர்த்தன, கொழுப்புச் சேர்த்தன, வலசைக் காலம் வந்ததும் இரவில் தூங்காமல் கூண்டுக்குள் படபடத்தன. இப்படிப்பட்ட சோதனைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சில இனங்களின் 'ஆண்டு' 12 மாதமாக இல்லை. ஏறக்குறைய 10 மாதமாகச் சுருங்கியிருந்தது. வெளியிலிருந்து ஏதோ ஒரு குறிப்பு அவற்றுக்கு ரகசியமாகக் கிடைத்திருந்தால் சரியாக 12 மாதமாக அல்லவா இருந்திருக்கும்? ஆகவே கடிகாரம் உள்ளே இருக்கிறது. சற்று வேகமாகவோ மெதுவாகவோ ஓடும் அந்தக் கடிகாரத்தை, வெளி உலகின் பகல் நீளம் சரிசெய்து வைக்கிறது. சோதனையை வடிவமைத்த அழகுக்காகவே நான் இதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்வேன்.

இந்தக் கடிகாரம் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்க வேண்டுமென்றால் மார்ச் பள்ளி விடுமுறையில் சுங்கை பூலோவுக்குப் போங்கள். ஒரு காலத்தில் இறால் பண்ணைகள் இருந்த இடம் அது. 1986இல் பறவை ஆர்வலர்கள் சிலர் அங்கே ஏராளமான கரைப்பறவைகள் வருவதைக் கண்டு அரசிடம் எடுத்துச் சொன்னார்கள். 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது; 2002இல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சதுப்புநில வனப்பகுதியானது. பழைய இறால் குளங்களின் மதகுகள்தான் இன்றும் அங்கே நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தப் பயன்படுகின்றன.

போவதற்குமுன் கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வற்றும்போது பறவைகள் ஜொகூர் நீரிணையின் சேற்றுப் பரப்பில் சிதறி மேயும். கடல் ஏறி அந்தச் சேறு மூழ்கியதும் அவை குளங்களுக்குள் கூட்டமாக வந்து ஓய்வெடுக்கும். அப்போது மறைவுக் குடிலுக்குள் இருந்து பார்ப்பவர்களுக்கு நல்ல வேட்டை. நான் முதல் தடவை நேரம் பார்க்காமல் போய், மூன்று உடும்புகளையும் ஒரு கொக்கையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அங்கே பொன் உப்புக்கொத்தியைத் தேடுங்கள். ஆண்டு இறுதியில் பார்த்தால் அது மங்கலான பழுப்பில் பொன்னிறப் புள்ளிகள் தெளித்த, சேற்றோடு கலந்துவிடும் பறவை. மார்ச் இறுதி, ஏப்ரலில் அதே பறவையின் முகத்திலும் வயிற்றிலும் கறுப்புத் திட்டுகள் முளைக்கும். வடக்கே போய்ச் சேரும்போது முகம் முதல் வயிறு வரை முழுக் கறுப்பு, ஓரத்தில் வெள்ளைக் கரை என மணக்கோலத்தில் இருக்கும். நாம் பார்ப்பது பாதி உடுத்திய நிலை. ஒரே கூட்டத்தில் ஒன்று ஏறக்குறையத் தயாராகவும், இன்னொன்று இப்போதுதான் தொடங்கியதாகவும் இருப்பதைக் காணலாம்.

வெளியே உடை மாறும்போது உள்ளே எரிபொருள் நிரப்புவதும் நடக்கிறது. ஒரு கிராம் கொழுப்பு தரும் ஆற்றல் ஒரு கிராம் மாவுச்சத்து தருவதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று படித்திருப்பீர்கள். அந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவை இந்தப் பறவைகள். இரவு பகலாக நிற்காமல் பறக்கும் கரைப்பறவைகளில் சிலவற்றுக்கு, புறப்படுமுன் இரைப்பையும் குடலும்கூடச் சுருங்கிவிடும். வழியில் சாப்பிடப் போவதில்லை. பிறகு எதற்கு அந்தச் சுமை?

சிங்கப்பூர் கிழக்காசிய – ஆஸ்திரலேசியப் பறவைப் பாதையில் இருக்கிறது என்று வழக்கமாகச் சொல்வோம். அதன்படி பார்த்தால் எல்லாம் சீனக் கடலோரமாக வடக்கே போக வேண்டும். ஆனால் சுங்கை பூலோவில் பவளக்காலி என்ற செங்கால் கரைப்பறவைகளைப் பிடித்துச் சிறிய கருவிகள் பொருத்தி அனுப்பியபோது வேறு கதை வெளிவந்தது. 2020இல் வெளியான அந்த ஆய்வின்படி, அவற்றில் சில இமயமலையைத் தாண்டித் திபெத்தியப் பீடபூமிக்குப் போயிருந்தன! கடல்மட்டச் சேற்றில் புழு தேடிய பறவை, சில வாரங்களில் உலகின் மிக உயர்ந்த மலைத்தொடருக்கு அப்பால்.

கடலோரமாகப் போகும் பறவைகளுக்கு வேறு சிக்கல். சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவே உள்ள மஞ்சள் கடலின் சேற்றுப் பரப்புகள்தாம் அவை இறங்கிச் சாப்பிடும் பெரிய நிறுத்தம். கடந்த அரை நூற்றாண்டில் அந்தப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, நிலமீட்பு போன்றவற்றால் அழிந்துவிட்டது. தென்கொரியாவின் சேமங்கும் கழிமுகத்தில் 2006இல் அடைக்கப்பட்ட தடுப்புச்சுவர் மட்டுமே 33 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். பின்னர் 2019இல் சீனக் கரையின் சில பகுதிகளும் 2021இல் கொரியச் சேற்றுப் பரப்புகளும் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தன. மிச்சமிருப்பதையாவது காக்க அது உதவும்.

எல்லாமே போகிறதே என்று வருத்தப்படாதீர்கள், வருபவையும் உண்டு. புளோக்குகளுக்கு இடையே வானத்தில் வழுக்கிப் பறந்து தேனீயையும் தட்டானையும் பிடிக்கும் பச்சைநிறப் பஞ்சுருட்டான்களைப் பார்த்திருப்பீர்கள். செப்டம்பர் வாக்கில் வந்து நம்முடன் இருப்பது நீலவால் பஞ்சுருட்டான். அதன் தலையுச்சி பச்சை, தொண்டை செம்பழுப்பு. அது வடக்கே கிளம்பும் அதே வாரங்களில், மணல் தரையில் வளை தோண்டி முட்டையிடுவதற்காக இங்கே வருகிறது நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான். அதன் தலையுச்சி செம்பழுப்பு, தொண்டை நீலம். மார்ச்சிலும் ஏப்ரலிலும் இரண்டையும் ஒரே பூங்காவில் காண வாய்ப்புண்டு. தலையையும் தொண்டையையும் மட்டும் பாருங்கள், குழப்பம் தீரும்.

இனி எங்கள் கீச்சானுக்கு வருவோம். அடுத்த ஆண்டு மாணவர்கள் முறை போட்டுக்கொண்டார்கள். பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் காலை 7.10க்கு இருவர் ஐந்து நிமிடம் திடலைப் பார்ப்பார்கள். இருந்தால் 'இருந்தது'; இல்லையென்றால் 'இல்லை'. மழையா, திடலில் காற்பந்துப் பயிற்சி நடந்ததா என்பதையும் எழுதுவார்கள். 'இல்லை' என்று எழுதுவதுதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. எதையும் பார்க்காததை ஏன் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். ஏப்ரலில் புரிந்தது. வெறும் தாள் என்றால், பறவை இல்லையா அல்லது பார்த்தவர் இல்லையா என்று சொல்ல முடியாதே.

அந்த ஆண்டு கடைசி 'இருந்தது' ஏப்ரல் மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை. திங்கள்கிழமை 'இல்லை'. பிறகு மே மாதப் பாதிவரை எல்லாமே 'இல்லை'. வெள்ளிக்கிழமைத் தேதியைப் பலகையில் எழுதப் போனபோது ஒரு மாணவன் எழுந்தான். சனிக்கிழமை கூடைப்பந்துப் பயிற்சிக்கு வந்தபோது தான் அதைப் பார்த்ததாக நினைவு என்றான். எழுதி வைத்தாயா என்றேன். இல்லை. அது போன சனிக்கிழமையா, அதற்கு முந்தியதா? அவனுக்கே உறுதியில்லை. அரைமணி நேரம் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. எனக்கு அன்றைய பாடத்திட்டம் போனது போனதுதான். முடிவில் அவனே சொன்னான்: "என்னுடையதைச் சேர்க்க வேண்டாம், டீச்சர்." பலகையில் ஒரு தேதிக்குப் பதில் 'வெள்ளி காலைக்கும் திங்கள் காலைக்கும் இடையில்' என்று எழுதினோம். நான் பார்த்தவரை அந்த வகுப்பு எழுதிய மிக நேர்மையான விடை அது.

வடக்கே வெப்பம் கூடிப் பூச்சிகள் முன்னதாகவே வெளிவந்தால், குஞ்சுகளுக்கு உணவு மிகுந்த நாள்கள் முன்னே நகரும். இங்கிருந்து புறப்படும் நாளும் அதனோடு சேர்ந்து நகர்கிறதா என்பதை அறிய, நம் பக்கத்துக் குறிப்புகள் வேண்டும். முதல் வருகையை எழுதப் பலருக்கு ஆர்வம் உண்டு. கடைசி நாளை எழுதுபவர்கள் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

நீங்களும் ஒரு பறவையைத் தேர்ந்தெடுங்கள். கீச்சான் இல்லாவிட்டால் மாலையில் பூச்சி பிடித்துப் பறக்கும் தகைவிலான் போதும். ஒரே இடம், ஒரே நேரம், ஐந்து நிமிடம். தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாமலும் முடியும். இ-பேர்டு செயலியில் பதிவு செய்பவர்கள், பார்த்த எல்லாப் பறவைகளையும் பட்டியலில் சேர்த்தீர்களா என்று அது கேட்பதைக் கவனியுங்கள். அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று உண்மையாகச் சொல்ல முடிந்தால்தான் உங்கள் பட்டியலில் இல்லாத பறவைக்கும் பொருள் இருக்கும். வாரக் கடைசியில் பள்ளி பூட்டியிருக்கும் சிக்கலுக்கு எங்களிடம் இன்னும் வழியில்லை. எதிர் புளோக்கில் நான்காம் மாடியில் குடியிருக்கும் ஒரு மாணவி, தன் வீட்டு நடைபாதையிலிருந்து பார்த்துச் சொல்வதாக இந்த ஆண்டு ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

இன்று காலை 7.10. மழை இல்லை. வடக்கு வேலி, மூன்றாவது கம்பம். இருந்தது.