தண்டவாளம் தயார்... தொழில் வருமா? புதுக்கோட்டை வழியே ஒரு துறைமுகப் பாதை!

அறந்தாங்கிக்கு ரயில் வந்தது 1903-ல். போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு ரயிலுக்கென்று தனியாக ஒரு சிறு வரி வசூலித்துப் போட்ட பாதை அது. ஆக, விவசாயிகளின் காசில் ஓடிய ரயில்!

புதுக்கோட்டை நகருக்கு ரயில் வந்தது 1929-ல், தொண்டைமான் மன்னர்கள் காலத்தில். அடுத்த ஆண்டே அந்தப் பாதை மானாமதுரை வரை நீண்டது. 1974-ல் மாவட்டம் உருவானபோது அறந்தாங்கியும் புதுக்கோட்டையோடு சேர்ந்தது.

லாரி ஜெயித்தது ஏன்?

இரண்டுமே மீட்டர் கேஜ் பாதைகள். அகலப்பாதையில் வரும் பெரிய வேகன் இதில் ஓடாது. சரக்கை வழியில் இறக்கி, சின்ன வேகனில் மாற்றி ஏற்ற வேண்டும். கூலியும் நேரமும் கூடும். லாரியோ நேராக வாசலுக்கே வந்துவிடும். நாடு முழுக்கவே சரக்கு ரயிலிலிருந்து சாலைக்கு மாறியது. இன்று மூன்றில் ஒரு பங்குகூட ரயிலில் போவதில்லை.

ஆனால், 42 வேகன்கள் கொண்ட ஒரு சரக்கு ரயில் சுமார் 2,600 டன் சுமக்கும். அதற்கு 25 டன் லாரிகள் 100-க்கு மேல் வேண்டும். அதிக எடை, நீண்ட தூரம் என்றால் ரயில்தான் மலிவு.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

திருச்சி - புதுக்கோட்டை - மானாமதுரை - விருதுநகர் பாதை முழுவதும் இன்று அகலப்பாதை. அதன் மின்மயமாக்கலை 2024 ஜனவரி 2 அன்று திருச்சியில் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். மதுரை - தூத்துக்குடி இரட்டைப் பாதையும் அதே மேடையில்தான் அர்ப்பணிக்கப்பட்டது. அதாவது, புதுக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி துறைமுகம் வரை மின்சார ரயில் நேராகப் போகலாம்.

பக்கத்து திருச்சி, தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஒன்று. திருமயத்தில் பெல் நிறுவனத்தின் குழாய் தயாரிப்பு ஆலை 2013-லேயே வந்துவிட்டது. புதுக்கோட்டையில் சிப்காட் வளாகம் இருக்கிறது. கிரானைட், தைலமரம், ஆதனக்கோட்டை முந்திரி என்று சரக்குக்கும் குறைவில்லை.

பாதை மட்டும் போதாது

அறந்தாங்கி அனுபவமே இதற்குச் சாட்சி. அகலப்பாதை வேலைக்காக 2012-ல் ரயில் நின்றது. காரைக்குடி - பட்டுக்கோட்டை பாதை 2018-ல் திறந்தது; 2019-ல் திருவாரூர் வரை ரயில் ஓடியது. ஆனால், கேட் கீப்பர்கள் இல்லை. ரயிலிலேயே வந்த ஊழியர்கள் ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடித் திறந்தார்கள். 149 கி.மீ. கடக்க ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆனது!

சரக்குக்கும் இதே கணக்குதான். வடக்கே தாத்ரி - மும்பை, லூதியானா - சோன்நகர் வழித்தடங்கள் சரக்கு ரயில்களுக்கென்றே போடப்பட்டவை. புதுக்கோட்டையில் இருப்பதோ ஒற்றைப் பாதை. பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டு சரக்கு ரயில் காத்திருக்க வேண்டும்.

2021 டிசம்பரில் வந்த கதி சக்தி சரக்கு முனையத் திட்டத்தில், தனியார் நிறுவனங்களே ரயிலில் சரக்கு ஏற்றி இறக்கும் முனையம் அமைக்கலாம். ஒரு முந்திரி வியாபாரியால் ஒரு ரயிலை நிரப்ப முடியாது. பலரது சரக்கு ஓரிடத்தில் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். அப்படியொரு முனையமும், அதற்கு நல்ல சாலையும், இரண்டாவது தண்டவாளமும் அமைந்தால், திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பும் பிள்ளைகளில் கொஞ்சம் பேருக்காவது சொந்த ஊரிலேயே வேலை இருக்கும்.