ஜும்பா வகுப்புக்கு முதல் நாள் போறீங்களா? ஸ்டெப் வரலைன்னா பயப்படாதீங்க!

சென்னை,

"வாக்கிங் போர் அடிக்குது, ஜிம்முக்கு போனா இரும்பை தூக்க சொல்றாங்க" என்று அலுத்துக் கொள்பவர்கள் பலர் ஜும்பா பக்கம் போகிறார்கள். சென்னையில் ஜிம், அபார்ட்மெண்ட் மொட்டை மாடி என்று பல இடங்களில் வகுப்பு நடக்கிறது. ஆனால் முதல் நாள் தடுமாறிவிட்டு, "நமக்கு டான்ஸ் வராதுப்பா" என்று மறுநாளே நின்று விடுபவர்களும் உண்டு.

இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு தடுமாற்றத்தில்தான். தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டை சேர்ந்தவர் பெட்டோ பெரெஸ். ஏரோபிக்ஸ் மாஸ்டர். 1990-களில் ஒருநாள் வகுப்புக்கு பாட்டு கேசட்டை எடுத்து வர மறந்துவிட்டார். கைவசம் இருந்த சல்சா, மெரெங்கே பாட்டுகளை போட்டு சமாளித்தார். வந்தவர்களுக்கு பிடித்துப்போனது. 2001-ல் அமெரிக்காவின் மியாமியில் இதற்காக கம்பெனியே தொடங்கிவிட்டார்.

காலை மட்டும் பாருங்க

வகுப்பு சுமார் 1 மணி நேரம். மெதுவான பாட்டில் தொடங்கி, வேகம் ஏறி, கடைசியில் உடம்பை ஆற வைத்து முடிப்பார்கள். மாஸ்டர் அதிகம் பேச மாட்டார். கையைத்தான் காட்டுவார். புதுசா வர்றவங்க திணறுவது இங்கேதான். கை, கால், இடுப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் பிடிக்க பார்ப்பார்கள். முதல் நாள் மாஸ்டரின் காலை மட்டும் பார்த்து ஆடினால் போதும். மெரெங்கே என்றால் பெரிய வித்தை இல்லை. நின்ற இடத்திலேயே இடது, வலது என்று தாளத்துக்கு நடப்பதுதான். நடுவில் குத்துப்பாட்டு போட்டால் யாரும் சொல்லித்தரவே வேண்டாம்!

கூச்சப்பட்டு கடைசி வரிசை மூலையில் நிற்காதீர்கள். மாஸ்டர் தெரியமாட்டார். முன்னால் நிற்பவரின் தப்பை பார்த்துத்தான் ஆடுவீர்கள்.

ஷூவில் கவனம் தேவை. அடிப்பாகம் தரையை கவ்விப்பிடிக்கும் ஓட்டப்பந்தய ஷூ இதற்கு சரிப்படாது. உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. அந்த முறுக்கு நேராக முழங்காலில் போய் விழும். துப்பட்டாவை இறுக்கி கட்டிக்கொள்ள வேண்டும்.

ஆடும்போது நாலு வார்த்தை பேச முடிந்தால் வேகம் சரி. பேச்சே வராமல் மூச்சு முட்டினால் குறைக்க வேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி மாஸ்டரிடம் சொல்லுங்கள். வெட்கப்படும் விஷயம் அல்ல இது. இதய நோய், பி.பி., மூட்டு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரை கேட்காமல் சேரக்கூடாது. சுகருக்கு இன்சுலின் போடுபவர்களுக்கு ஆடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். வயதானவர்களுக்கு 'ஜும்பா கோல்டு' என்று வேகம் குறைந்த வகுப்பு தனியாக இருக்கிறது.

மறுநாள் கெண்டைக்கால் வலிக்கும். 2, 3 நாளில் போய்விடும். மூட்டு வீங்கினால் மட்டும் சும்மா இருக்கக்கூடாது.

வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் 3 வகுப்பு போனால் கணக்கு சரியாகிவிடும். ஆடிவிட்டு வரும் வழியில் 4 பஜ்ஜி சாப்பிட்டால் எடை குறையாது, அது வேறு விஷயம்.

மாதக்கட்டணம் கட்டும் முன்பு, ஒருநாள் ஆடிப்பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். சொல்லித்தருபவர் ஜும்பா பயிற்சி முடித்தவர்தானா என்பதையும் அப்போதே விசாரித்துவிடலாம்.