வெள்ளைச் சட்டை, கறுப்பு அட்டை, இரண்டு சைக்கிள்

ஜப்பானில் வேலை பார்க்கும் மகன், மகள் வீட்டுக்குப் போய்வந்தவர்கள் சிலர் இந்த ஜோடியைப் பார்த்திருக்கலாம். தலையில் ஹெல்மெட், வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர் அட்டை. இருபது வயது மதிக்கத்தக்க இரண்டு பையன்கள் முன்னும் பின்னுமாகச் சைக்கிளில் போவார்கள். இன்சூரன்ஸ் பிடிக்கிற ஆட்களோ என்று தோன்றும். மார்மன் மிஷனரிகள் அவர்கள்.

ஜோசப் ஸ்மித் என்பவர் 1830இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை இது. பைபிளோடு ‘மார்மன் புத்தகம்’ என்ற நூலையும் வேதமாக வைத்திருப்பதால் மற்றவர்கள் மார்மன் என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்ற முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று 2018 முதல் சபைத் தலைமை வற்புறுத்தி வருகிறது. இன்றைய தேதியில் 70,000க்கும் மேற்பட்ட மிஷனரிகள் உலகெங்கும் ஊழியத்தில் இருக்கிறார்கள்.

ஊழியக் காலம் ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு. பையன்களுக்கு இது கடமை, பெண்களுக்கு விருப்பம். ஆண்கள் 19 வயதில் போய்க்கொண்டிருந்ததை 2012இல் 18 ஆகக் குறைத்தார்கள். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கிளம்பிவிடலாம்.

எந்த ஊர் என்பதை யார் முடிவு செய்வது? விண்ணப்பம் போடுவதோடு பையனின் பங்கு முடிந்தது. நாடு, மொழி இரண்டையும் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் சிட்டியில் உள்ள தலைமை தீர்மானிக்கிறது. முன்பு பெரிய வெள்ளை உறை தபாலில் வரும். 2018 முதல் இணையத்தில் வருகிறது. சொந்தபந்தமெல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்க, பையன் உரக்கப் படிப்பான். பக்கத்து மாநிலமாகவும் இருக்கலாம், ஜப்பானின் சப்போரோவாகவும் இருக்கலாம்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்பீர்கள். ஒரு பைசா கிடையாது. அமெரிக்காவிலிருந்து போகிறவர் மாதம் 500 டாலர் தாமே கட்ட வேண்டும். 2020 ஜூலைக்கு முன்பு அது 400. சிறு வயதிலிருந்து சேர்த்து வைத்த காசு, பெற்றோர் கொடுப்பது, முடியாதவர்களுக்குச் சபையார் கைகொடுப்பது என்று எப்படியோ புரட்டிவிடுவார்கள். பணம் பொது நிதிக்குப் போய், அங்கிருந்து வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பிரித்துத் தரப்படுகிறது. அதனால் டோக்கியோவுக்குப் போகிறவனும் செலவு குறைந்த ஊருக்குப் போகிறவனும் கட்டுவது ஒரே தொகைதான்.

முதலில் பயிற்சி. யூட்டாவின் புரோவோ நகரில் உள்ள மையத்தில் 50க்கும் மேற்பட்ட மொழிகள் சொல்லித்தருகிறார்கள். ஜப்பானிய மொழிக்கு ஏறக்குறைய ஒன்பது வாரம். அதற்குள் ஜெபம் செய்யவும், தான் யார் என்று சொல்லவும் வந்துவிடும். எதிராளி சொல்லும் பதில் புரிய மாதங்கள் ஆகும்.

வந்து இறங்கிய பிறகு வாழ்க்கை கடிகாரத்தின் கையில். காலை 6.30க்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், காலைச் சாப்பாடு. பிறகு தனியாக வேத வாசிப்பு, இருவரும் சேர்ந்து படிப்பு, மொழிப் பாடம். வெளியே கிளம்பினால் இரவு ஒன்பது மணி வாக்கில் திரும்பி, நாளைய திட்டம் எழுதி, 10.30க்கு விளக்கை அணைக்க வேண்டும். காதல், சினிமா எதுவும் கூடாது. கையில் உள்ள போனிலும் அனுமதித்த செயலிகள் மட்டும்தான்.

இதைவிடக் கடினமான விதி ஒன்று உண்டு: தனியாக எங்கும் போகக்கூடாது. குளியலறை தவிர மற்ற நேரமெல்லாம் கூட்டாளியின் கண்ணும் காதும் எட்டுகிற தூரத்திலேயே இருக்க வேண்டும். பாதுகாப்பு ஒரு காரணம். சபலமும் வீண்பழியும் வராமல் இருப்பது இன்னொரு காரணம். கல்லூரி விடுதியில் அறைத்தோழன் பிடிக்காவிட்டால் வார்டனிடம் சொல்லி மாறிக்கொள்ளலாம். மாறும்வரை கேன்டீனில் போய் உட்காரலாம். இங்கே இரண்டும் முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை, யார் யாரோடு, எந்த ஊரில் என்று மிஷன் தலைவர் மாற்றி அமைப்பார். அதுவரை குறட்டை விடுகிறவனோ, கோபக்காரனோ, அவனோடுதான் சமையல், சண்டை, சமாதானம், ஜெபம் எல்லாம்.

வாசலில் நடப்பதைச் சொல்கிறேன். அழைப்பு மணியை அழுத்தினால் ஜப்பானில் கதவு திறக்காது. இன்டர்காமில் குரல் மட்டும் வரும். கேமராவில் முகம் பார்த்துவிட்டு, மிகப் பணிவாக, வேண்டாம் என்பார்கள். இவர்கள் அந்தக் கேமராவுக்குக் குனிந்து வணங்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அபூர்வமாக ஒரு பாட்டி உள்ளே கூப்பிடுவார். வாசலில் ஷூவைக் கழற்றி, பாய் விரித்த அறையில் மண்டியிட்டு உட்கார்ந்தால் முதலில் வருவது பச்சைத் தேநீர். அங்கேதான் சங்கடம். 1833இல் வந்த உணவு விதிப்படி மது, புகையிலையோடு காபியும் தேநீரும் இவர்களுக்கு விலக்கு. பாட்டியின் மனம் நோகாமல் மறுக்க வேண்டும். வறுத்த பார்லியில் போடும் ‘முகிச்சா’ என்றால் தாராளமாகக் குடிக்கலாம். அதில் தேயிலை கிடையாது.

கதவு தட்டுவது மட்டுமே வேலை என்று நினைக்க வேண்டாம். சபைக் கூடத்தில் இலவச ஆங்கில வகுப்பு எடுப்பார்கள். மதத்தில் நாட்டமில்லாதவர்களும் அதற்கு வருவார்கள். வாரத்தில் ஒரு நாள் சொந்த வேலைக்கு: துணி துவைப்பது, மளிகை, முடிவெட்டு, வீட்டுக்குக் கடிதம். 2019 பிப்ரவரி வரை வீட்டாரின் குரலைக் கேட்க ஆண்டுக்கு இரண்டு வாய்ப்புதான், கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். இப்போது வாரந்தோறும் பேசலாம்.

இவ்வளவு பாடுபட்டு எத்தனை பேர் சேருகிறார்கள்? ஜப்பானுக்கு முதல் குழு 1901 ஆகஸ்டில் யோகோஹாமாவில் வந்திறங்கியது. 1924இல் மிஷனை மூடும்வரை அவர்கள் கொடுத்த ஞானஸ்நானம் 166. அந்த முதல் குழுவில் 19 வயதுப் பையனாக வந்த ஆல்மா டெய்லர் எட்டு ஆண்டுக்கு மேல் தங்கி, மார்மன் புத்தகத்தை ஜப்பானிய மொழியில் பெயர்த்து 1909இல் அச்சில் கொண்டுவந்தார். 1948இல் மிஷன் மீண்டும் திறந்தது. 1971இல் மிஷனரியாகப் போன கென்ட் கில்பர்ட் பிற்பாடு ஜப்பானியத் தொலைக்காட்சியில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம் ஆனார். ஆகவே ஞானஸ்நானக் கணக்கை வைத்து மட்டும் இந்த ஏற்பாட்டை எடைபோட்டால் விளங்காது. ஊரை மாற்றுவதைவிட, போகிற பிள்ளையைச் சபைக்குள் ஊன்றவைப்பதில்தான் இது அதிகம் ஜெயிக்கிறது. இரண்டு ஆண்டு தினமும் அடுத்தவருக்குச் சொல்லிச் சொல்லி, அந்த நம்பிக்கை அவனுக்கே உறுதிப்பட்டுவிடுகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 18 வயதில் ‘நான் போகவில்லை’ என்று சொல்வது மார்மன் குடும்பங்களில் லேசான காரியம் அல்ல. உடம்போ மனதோ தாங்காமல் பாதியில் திரும்புகிற பிள்ளைகள் ஊர்வாயில் விழுகிறார்கள். அது நியாயமே இல்லை.

அவர்களுடைய மதம் நமக்கு ஒத்துவர வேண்டும் என்பதில்லை. உங்கள் பிள்ளை வீட்டு மணியை அவர்கள் அழுத்தினால், விருப்பமில்லாத பட்சத்தில் ‘வேண்டாம் தம்பி’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள், வருத்தப்பட மாட்டார்கள். ‘அடுத்த வாரம் வாங்க’ என்று மட்டும் மழுப்பாதீர்கள். குறித்துவைத்துக்கொண்டு அடுத்த வாரம் சரியாக வந்து நிற்பார்கள்.