பிறந்த ஊரிலேயே வெளிநாட்டுக்காரர்! "கிளம்பு" என்றால் கோர்ட்டுக்குப் போகலாமா?

புதுச்சேரி,
புதுவையில் பிறந்து வளர்ந்தவர். பெரிய மார்க்கெட்டில் தினமும் மீனுக்குப் பேரம் பேசுகிறவர். அவர் சட்டப்படி வெளிநாட்டுக்காரர் என்றால் நம்ப முடிகிறதா? அப்படிப்பட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

1962 ஆகஸ்டு 16-ந் தேதி புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. இங்கு பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் தானாகவே இந்தியர் ஆனார்கள். "எனக்கு பிரெஞ்சுக் குடியுரிமையே போதும்" என்றவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகளில் பலர் எழுதிக் கொடுத்தார்கள். 18 வயது நிரம்பாத, கல்யாணமாகாத பிள்ளைகளுக்கும் சேர்த்து அப்பா போட்ட கையெழுத்துதான்! அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது 60 வயது தாண்டிவிட்டது.

சரி, அரசாங்கம் அவர்களைப் பார்த்து "கிளம்பு" என்றால்?

வெளிநாட்டுக்காரரை வெளியேற்ற மத்திய அரசுக்குத் தடையில்லாத அதிகாரம் உண்டு என்று 1955-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 1937-ல் இந்தியா வந்த பெல்ஜியப் பாதிரியார் ஒருவரை, 50 வருஷம் கழித்து, 1987-ல் போகச் சொன்னார்கள். வழக்குப் போட்டார். 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தரும் 21-வது பிரிவு வெளிநாட்டுக்காரருக்கும் உண்டு. ஆனால் இங்கேயே குடியிருக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே என்றது தீர்ப்பு. 50 வருஷம் இருந்தவருக்கே இந்தக் கதி!

பழைய 1946-ம் வருஷச் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. வெளியேற்றும் அதிகாரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆனால் ஓ.சி.ஐ. கார்டு வைத்திருந்தால் சங்கதி வேறு. 1947 ஆகஸ்டு 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களும் அதை வாங்கலாம். அதாவது, நம்ம புதுவைக்காரர்களும்தான். அந்தக் கார்டை ரத்து செய்வதற்கு முன், சம்பந்தப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தே ஆகவேண்டும் என்று 2019-ல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். சும்மா ஒரு வரியில் ரத்து செய்யவும் முடியாது. சுவீடனில் வசிக்கும் ஒரு பேராசிரியரின் கார்டை அப்படி ரத்து செய்தபோது, "காரணம் எங்கே?" என்று கேட்டு, 2023-ல் டெல்லி ஐகோர்ட்டு அந்த உத்தரவைத் தூக்கி எறிந்தது. காரணங்களை எழுதிப் புது உத்தரவு போடும்படி சொன்னது.

வெறும் விசாவில் இருப்பவருக்கு இந்த அளவு பிடிமானம் கிடையாது. அவரும் ரிட் போடலாம். புதுவைக்குத் தனி ஐகோர்ட்டு இல்லை. அதற்குச் சென்னைக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.