தார்ப்பாயை எப்போது கட்டுவது? உப்பல் சாலையில் ஓட்டுநரின் தலையில் விழும் முடிவு

புதுதில்லி: கட்டுமானப் பொருள்களையோ கட்டட இடிபாடுகளையோ ஏற்றிய எந்த வாகனமும் மூடப்படாமல் செல்ல அனுமதியில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018 ஜனவரியில் வெளியிட்ட அறிவிக்கை கூறுகிறது. அதற்கு முன்பே, 2015 ஏப்ரலில், தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தில்லிக்கு இதே கட்டளையைப் பிறப்பித்து, மீறிச் செல்லும் வாகனத்துக்கு ஒவ்வொரு முறையும் 5 ஆயிரம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் விதித்தது. தலைநகரில் எழுதப்பட்ட இந்தச் சொற்கள், சுமார் 1,500 கிலோமீட்டர் தெற்கே ஐதராபாத்தின் கிழக்கு வாயிலான உப்பலை அடையும்போது, 'மூடு' என்ற கட்டளை மட்டுமே மிஞ்சுகிறது. எங்கே, எப்போது, யார் மூடுவது என்பதற்கு அதில் பதிலில்லை.

உப்பல் சந்திப்பு சரக்குப் போக்குவரத்தின் முடிச்சு. வாரங்கலை நோக்கிச் செல்லும் 163-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், நாகோல், எல்.பி.நகர் வழியாக வரும் வட்டச் சாலையும் இங்கே சந்திக்கின்றன. நாச்சாரம், மல்லாபூர், செர்லபள்ளி தொழிற்பேட்டைகள் அருகிலேயே உள்ளன. ஐதராபாத் நகருக்குள் பகல் நேரத்தில் கனரகச் சரக்கு வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால், பாரம் ஏற்றிய லாரிகள் புறநகரில் மணிக்கணக்கில் காத்திருப்பது வழக்கம். மழையும் வெயிலும் அந்தக் காத்திருப்பில்தான் சரக்கைப் பிடிக்கின்றன.

தூசி முதலில் கண்ணில் படும். உப்பலிலிருந்து நாரபள்ளி வரை சுமார் 6 கிலோமீட்டர் நீள உயர்மட்டச் சாலைக்கு 2018-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. குறித்த காலத்தில் அது முடியாததால், அவ்வழியே வாழ்வோர் ஆண்டுக்கணக்கில் புழுதியைச் சுவாசித்தனர். ஜல்லியும் மணலும் ஏற்றிய டிப்பர்கள் அதே சாலையில்தான் ஓடின. தேசிய தூய காற்றுத் திட்டத்தில் காற்றுத் தரம் குறைந்த நகரங்களின் பட்டியலில் ஐதராபாத்தும் இடம்பெற்றது. அத்திட்டத்தின் நிதியில் 64 விழுக்காடு சாலைத் தூசியைக் கட்டுப்படுத்துவதற்கே செலவிடப்பட்டதாக அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் சுட்டிக்காட்டியது. விழுந்த தூசியைக் கூட்டுவதற்குக் கோடிகளும், விழாமல் தடுக்கும் தார்ப்பாய்க்கு ஓட்டுநரின் கைக்காசும் என்பது விந்தையான கணக்கு.

ஜல்லி, மணலைப் பொறுத்தவரை முடிவு எளிது: குவாரியை விட்டுப் புறப்படும் முன்பே மூடியாக வேண்டும். தார்ப்பாயை இறுக்கிக் கட்ட வேண்டுமானால் பாரம் பக்கப் பலகைக்குக் கீழே இருக்க வேண்டும். கூம்பாகக் குவித்த ஜல்லியின் மேல் அது நில்லாது. ஆகவே நேர்மையாக நடைமுறைப்படுத்தினால், இது மிகைப்பாரத்தைத் தடுக்கும் விதியாகவும் ஆகிவிடும். நடைமுறைப்படுத்தப்படாமைக்கு இதுவும் ஒரு காரணமோ என்று ஐயுற இடமுண்டு.

நெல்லின் கதை

நெல்லுக்கு வந்தால் கேள்வி கடினமாகிறது. உப்பலைத் தாண்டினால் போங்கீர், ஜனகாம், வாரங்கல் என்று நெல் விளையும் மாவட்டங்கள் தொடங்குகின்றன. அரசு கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்காக விவசாயி சாலையோரத்திலும் களத்திலும் நாள்கணக்கில் உலர்த்துகிறார். உலர்ந்த நெல் 40 கிலோ மூட்டைகளாகக் கட்டப்பட்டு லாரியில் ஏறி ஆலை வாசலில் வரிசையில் நிற்கிறது. யாசங்கி எனப்படும் கோடைப் பருவத்தின் அறுவடை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. தெலங்கானாவில் இடியும் சூறைக்காற்றும் கூடிய மாலை மழையும் அதே மாதங்களில்தான்.

காலையிலேயே மூடிவிட்டால் என்ன என்று கேட்கலாம். 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில், காற்றுப் புகாத விரிப்பின் கீழ் மூட்டைகள் புழுங்குகின்றன. நெல்லிலுள்ள ஈரம் ஆவியாகி, விரிப்பின் உட்புறத்தில் நீராகத் திரண்டு, மீண்டும் மேல் மூட்டைகளிலேயே சொட்டுகிறது. நிறம் மாறும், முளைவிடவும் கூடும். மழை தொடங்கிய பின் மூடலாம் என்றாலோ, சூறைக்காற்றில் பாய்மரம் போல் விம்மும் படுதாவைப் பத்தடி உயரத்தில் நின்று ஒருவர் இழுத்துக் கட்டுவது நடவாத காரியம். அந்த ஒரு மணி நேரத்தில் எடுக்கும் முடிவில் ஒரு குடும்பத்தின் பருவ வருமானம் தொங்குகிறது.

நனைந்த நெல்லின் இழப்பு யாரைச் சேரும்? ஆலை உரிமையாளர் அரசு தரும் ஒவ்வொரு குவிண்டால் நெல்லுக்கும் 67 கிலோ பச்சரிசி திருப்பித் தர வேண்டும். புழுங்கல் என்றால் 68 கிலோ. நனைந்து உலர்ந்த நெல்லை அரைத்தால் நொய் கூடும், முழு அரிசி குறையும். அந்தக் குறைவை ஆலைத் தரப்பு 'தருகு' என்ற பெயரில் எடையில் கழிக்கிறது என்பது தெலங்கானா விவசாயிகளின் நெடுநாள் புகார். 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தில்லியில் நிர்ணயிக்கப்பட்ட அந்த விலை ஆலை வாசலில் ஒரு மழையில் கரைகிறது. விவசாயி அங்கே இருப்பதுமில்லை. லாரியில் ஏறிய பிறகு நெல் அவர் கண்ணுக்கு எட்டாது.

சிமெண்டுக்குத் தயக்கம் தேவையில்லை. ஒரு துளி பட்டாலும் கட்டியாகும். கட்டுமானக் கம்பிகளை மூடாமலே அனுப்புவர். மேலோட்டமான துருவால் பெரிய கேடில்லை. பளபளப்பான எஃகுத் தகட்டுச் சுருள்கள் வேறு இனம். ஈரக் காற்றோடு சேர்த்து மூடினால் அவை உள்ளேயே வியர்த்துத் துருப்பிடிக்கும். எந்தச் சரக்கை எப்போது மூடுவது என்பது தனி அறிவு. அந்த அறிவைச் சரக்கை அனுப்புவோர் எழுதித் தருவது அரிது; ஓட்டுநர்கள் பட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

மேலே ஏறுவது யார்?

முன்பு லாரிக்கு ஒரு கிளீனர் இருந்தார். கட்டும் கயிற்றின் ஒரு முனை அவர் கையில் இருக்கும். வாடகை கட்டுப்படியாகாமல் அந்த இடம் பெரும்பாலான லாரிகளில் ஒழிந்துவிட்டது. இன்று ஓட்டுநரே ஏறுகிறார், விரிக்கிறார், இறங்கி மறுபக்கம் ஓடிக் கட்டுகிறார். நனைந்த விரிப்பு வழுக்கும். மேலே மின்கம்பி செல்லும். இந்த நேரத்துக்குத் தனிக் கூலி என்பது அரிது. பயணத்துக்கு இவ்வளவு என்று பேசிய தொகையில் அது கரைந்துபோகிறது.

2025 நவம்பர் 3-ஆம் தேதி, இதே 163-ஆம் எண் நெடுஞ்சாலையின் மேற்குப் பகுதியில், செவெல்லா அருகே ஜல்லி ஏற்றிய டிப்பர் அரசுப் பேருந்து மீது மோதியது. டிப்பரிலிருந்த ஜல்லி பேருந்துக்குள் கொட்டி, பயணிகள் அதனடியில் புதைந்தனர். 19 பேர் உயிரிழந்தனர். தார்ப்பாய் அந்த எடையைத் தாங்கியிருக்காது. ஆயினும், எவ்வளவு ஏற்றுவது, எப்படிக் கட்டுவது என்பவை குவாரியிலும் கிடங்கிலும் முடிவாக வேண்டியவை என்பதை அது நாட்டுக்குக் காட்டியது. மிகைப்பாரத்துக்கு 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 20 ஆயிரம் ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2 ஆயிரம் ரூபாயும் விதிக்கிறது. ஓட்டுபவரோடு, ஓட்டச் செய்பவரும் பொறுப்பு என்றே சட்டத்தில் உள்ளது. சாலையில் கையை நீட்டி நிறுத்தும்போது அகப்படுபவர் ஓட்டுநர் ஒருவரே.

அவருக்குப் பாதுகாப்பாக இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து பேருக்கு மேல் அல்லது ஐந்து பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது கரைக்கப்பட்டு, அந்த எண்ணிக்கை பத்தாக உயர்ந்துள்ளது. உப்பல் ஓரத்தில் நிற்கும் லாரிகளின் உரிமையாளர்களில் பலர் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்கள். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் இருந்து வடக்கே செல்லும் லாரிகளின் ஓட்டுநர்களில் பலரும் அந்த எண்ணிக்கைக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.